அசுவினிகளுக்குச் சீனித்தண்ணீர்

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. பற்றீரியாவின் நஞ்சால் அசுவினிப் பூச்சியைக் கொல்ல முயலும் ஒரு பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நஞ்சை இலையில் தெளித்தால் புழு கடித்துத் தின்று சாகும். அசுவினி இலையைத் தின்பதில்லை. ஊசிவாயை உள்ளே இறக்கிச் சாற்றை உறிஞ்சும். மேலே கிடக்கும் நஞ்சு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இப்படியொரு பூச்சியை வைத்து யார் கதை எழுதுவார்?

2

ரொறன்ரோ, 1986 மாசி. சந்திரவதனா ஜன்னலுக்கு வெளியே பனியை…

(அடித்துவிட்டேன். ரொறன்ரோ என்றால் பனி பெய்தே தீர வேண்டுமா?)

சந்திரவதனா ஓர் ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளர். மெல்லிய சவ்வை விரல்களால் இழுத்து விரித்து, இரண்டு சவ்வுகளுக்கு நடுவே சீனித்தண்ணீர் விட்டுப் பொட்டலமாக்கி, அசுவினிகளை உறிஞ்ச விடுவாள். பாதிப் பொட்டலங்களில் நஞ்சும் கலந்திருக்கும்; மீதியில் வெறும் சீனித்தண்ணீர். நஞ்சு குடித்தவை சாக வேண்டும், மற்றவை பிழைக்க வேண்டும். அப்போதுதான் கொன்றது நஞ்சே என்று தெளியும்; வேலையும் நிரந்தரமாகும். வேலை நிரந்தரமானால்தான் கொழும்பு லொட்ஜில் பொலிசுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் தம்பியைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணலாம்.

3

எல்லாம் செத்தன. வெறும் சீனித்தண்ணீர் குடித்தவையும்.

மோர்னிங்சைட் வீட்டுக்கு வந்ததும் கணவன் சிவபாதத்தின் மேல் பாய்ந்தாள்.

"தடிமனுக்கு எண்டு என்ர உள்ளங்கையில யூக்கலிப்ரஸ் தைலத்தை ஊத்தி, மணந்து பாரும் எண்டு விட்டது ஆர்? அந்தக் கையாலதான் சவ்வை இழுத்தனான். அந்தத் தைலத்திலதான் எல்லாம் செத்திட்டுது."

"கழுவிறதுதானே?"

"கழுவினனான். போகேல்லை."

"அப்ப உந்தப் பற்றீரியாவை விட்டிட்டு என்ர தைலத்தை ஆராயுமன். ஒண்டும் மிஞ்சேல்லைத்தானே?"

"பகிடி விடாதேங்கோ. நாளைக்குப் பேராசிரியர் முடிவு கேக்கப்போறார். திரும்பச் செய்ய நேரமில்லை."

சிவபாதம் குரலைத் தாழ்த்தினான்.

"வெறும் சீனித்தண்ணியில செத்ததுகளைக் குப்பையில போட்டிட்டு, பிழைச்சது எண்டு சொல்லும். தம்பியை யோசியும்."

4

இங்கேதான் எனக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை. பொய் சொல்ல வைத்தேன். அடுத்த வரியில் வாய் திறக்க மறுத்தாள். உண்மை சொல்ல வைத்தேன். அந்த வசனத்தின் உத்தமத்தனம் எனக்கே குமட்டியது. பேராசிரியரை நல்லவராக்கி இன்னொரு மாதம் கொடுக்கச் சொல்லலாம். (லொட்ஜைச் சோதனையிடப் பொலிஸ் ஒரு மாதம் பொறுக்குமா?)

5

"நஞ்சில்லாத பொட்டலங்கள் என்னவாயின?" என்று பேராசிரியர் கேட்கிறார்.

சந்திரவதனா…

தம்பிக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் பொய்யின் பக்கம் சாய்ந்துவிடுவேன் என்ற பயம். நீங்கள் அப்படித் தப்ப முடியாது. முதலில் அவனுக்கு ஒரு பெயர் வையுங்கள். பிறகு அவளுடைய பதிலை எழுதுங்கள்.