படத்துக்குப் பின்னால் இருந்த மஞ்சள் கார்டு

விவேக் நகரில் ஆட்டோ ஓட்டும் பிரகாஷுக்கு முக்கியமான காகிதம் எதுவானாலும் ஒரே இடம்தான்: வீட்டு அலமாரியில் குழந்தை இயேசு படத்துக்குப் பின்னால். ரேஷன் கார்டு, கல்யாண சர்டிஃபிகேட், இன்சூரன்ஸ் எல்லாம் அங்கேதான். மகள் ஆஞ்சலாவின் பள்ளிக்கூடத்தில், ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தன்று கொடுத்த மஞ்சள் கார்டையும் பயபக்தியோடு அங்கேயே செருகிவிட்டான்.

"இதை எப்பவும் பர்ஸ்ல வெச்சிருங்க. ஏதாவது ஆபத்துன்னா மெசேஜ் வரும். முழுசா படிங்க. கேட்டுக்கு ஓடி வராதீங்க, பின்னாடி மைதானத்துக்கு வாங்க. கார்டு காட்டுறவங்ககிட்டதான் பிள்ளைய விடுவோம்" என்று மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜோசஃபின் படித்துப் படித்துச் சொன்னாள். அவள் பக்கத்துத் தெருக்காரி. நம்ம ஜோசிதானே என்று பிரகாஷ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டான்.

ஒரு வியாழக்கிழமை மெசேஜ் வந்தது. வெடிகுண்டு மிரட்டல் மெயில், பிள்ளைகள் எல்லோரும் பத்திரமாக மைதானத்தில் இருக்கிறார்கள் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். பிரகாஷின் கண் குண்டு என்ற சொல்லைத் தாண்டவில்லை. சவாரியைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் பறந்தவன், பள்ளி கேட்டுக்குக் குறுக்கே ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓடினான். பின்னால் போலீஸ் வேன் உள்ளே போக வழியில்லாமல் ஹாரன் அடித்தது. "ரீ, ஆட்டோ தெகீரி!" என்று ஆட்டோவை எடுக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்திப் பார்த்த போலீஸ்காரர்கள், கடைசியில் தாங்களே ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மைதானத்தில் பிள்ளைகள் வகுப்பு வாரியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆஞ்சலா அப்பாவைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். அள்ளித் தூக்கப் போனவனுக்குக் குறுக்கே ஜோசஃபின் வந்து நின்றாள்.

"பிரகாஷண்ணா, கார்டு?"

"இன்னாம்மா கார்டு? நான் யாருன்னு உனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்துக்கு உன்னைக் கோயிலுக்குக் கூட்டினு போனதே என் ஆட்டோதான்!"

"நல்லாத் தெரியும்ணா. இன்னிக்கு உங்களை விட்டா, அடுத்து ஒருத்தர் வந்து நான் மாமான்னு சொல்வாரு. அவரையும் விடணுமா?"

"குண்டு வெடிச்சா உன் கார்டா வந்து காப்பாத்தும்?"

"கத்தாதீங்க. பிள்ளைங்க பயப்படுதுங்க, பாருங்க."

அதுவரை தைரியமாக இருந்த ஆஞ்சலா உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். சுற்றியிருந்த நாலைந்து வாண்டுகளும் சேர்ந்துகொண்டன. பிரகாஷுக்கு ஐயோ என்று இருந்தது. குண்டைவிடத் தன் தொண்டைதான் குழந்தையைப் பயமுறுத்தியிருக்கிறது!

வியாழக்கிழமை நொவேனா ஜெபத்துக்கு வந்த கூட்டத்தில் சர்ச் ரோடு அடைத்துக் கிடந்தது. ஆட்டோவும் கையில் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். வழியில் மனைவி சோனியாவின் போன்.

"கார்டு பர்ஸ்லதானே இருக்கு?"

"படத்துக்குப் பின்னாடி..."

"அட என் ராசா! தலபாடா அடிச்சுக்கிட்டேனே!" துணிக்கடை வேலையில் இருந்தவள் பாதி திட்டினாள், பாதி அழுதாள். "சரி சரி, மெதுவா ஓடு. நீ விழுந்து வெச்சா உன்ன எந்தக் கார்டு காட்டி வாங்கறது?"

அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். வீட்டுப் பூட்டில் சாவியே நுழையவில்லை. ஒருவழியாகக் கார்டை உருவினான். மற்ற காகிதங்களெல்லாம் தரையில் கொட்டின. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து வரிசையில் நின்று கார்டை நீட்டினான். ஜோசஃபின் நம்பரைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கூட்டிட்டுப் போங்கண்ணா" என்றாள். ஆஞ்சலா தாவி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்பாடா!

வெளியே வரும்போதுதான் ஐந்தாம் வகுப்பு வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தான். யுவன், ஜோசஃபினின் மகன்.

"ஏண்டா, அம்மா அங்கதானே நிக்கிறா? போகலியா?"

"அம்மா கிளாஸ் பசங்க எல்லாரும் போனப்புறம்தான், அங்கிள், என்னைக் கூட்டிப்பாங்க."

பிரகாஷ் ஜோசஃபினைத் திரும்பிப் பார்த்தான். முப்பதடி தூரத்தில் பெற்ற பிள்ளையை உட்கார வைத்துவிட்டா இவள் இத்தனை பேரிடமும் பேச்சு வாங்கினாள்! அவனுக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. யுவன் பக்கத்திலேயே மகளை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டான்.

கடைசிக் குழந்தையும் போன பிறகு ஜோசஃபின் வந்தாள். தன் கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் கார்டை எடுத்து, ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம் நீட்டினாள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த டீச்சரும் நம்பரைப் பார்த்து, கையெழுத்து வாங்கினாள். அதன் பிறகுதான் ஜோசஃபின் யுவனை இழுத்து அணைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள்.

"ஏம்பா டீச்சர் இப்ப அழறாங்க?" என்று ஆஞ்சலா அவன் காதில் கிசுகிசுத்தாள்.

"இவ்ளோ நேரம் நீங்கள்லாம் முன்னாடி இருந்தீங்களே கண்ணு, எப்படி அழுவாங்க?" என்றான் பிரகாஷ். கார்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.