கூப்பிட்டால் பதில் சொல்லும் காசு

லெட்சுமணனின் தலைமாட்டில் மனைவி நல்லம்மா இருந்தாள். கால்மாட்டில் மகள் நிஷாந்தினி. பிரேதத்தின் நெற்றியில் சம்பிரதாயக் காசு. வாசல் இஸ்தோப்பில் மூன்று கதிரைகள். ஒன்றில் தேயிலை ஸ்டோரை நடத்தும் டீமேக்கர், அடுத்ததில் பேராதனைக் கெம்பஸ் ஃபாஸில் சேர், மூன்றாவதில் டீமேக்கரின் குடை. லயத்து ஆட்கள் நின்றார்கள்.

துக்கம் விசாரித்த கையோடு டீமேக்கர் விஷயத்துக்கு வந்தார். தேயிலை காயவைக்கும் டிரையர் அடுப்புக்குள் கெம்பஸ்காரர்கள் பூட்டிய சென்சரைக் காணவில்லை. அடுப்படியில் நின்றது லெட்சுமணன் மட்டும்தான். நாலு பேர் கேட்கத்தான் சொன்னார். முப்பது வருஷம் நெருப்புப் போட்ட அப்பா கள்ளனென்ற பேரோடா போவது? நிஷாந்தினிக்கு முகம் சுட்டது.

அதைத் தேடத்தான் ஃபாஸிலும் கலஹாத் தோட்டத்துக்கு வந்திருந்தார். அவர் பைக்குள் இருந்த, சென்சரைக் கூப்பிடும் பெட்டி கீச்சிட்டது. பதறி வெளியே எடுத்தார். வாசலுக்குத் திருப்பினால் அடங்கியது, பிரேதத்துக்குத் திருப்பினால் கத்தியது.

"தங்கச்சி, கோவிக்க வாணாம்," என்றார் மெதுவாக. "அப்பாட நெத்தியில ஈக்கிறது காசில்ல."

நல்லம்மா நிமிர்ந்தாள். "கரி புடிச்சிருக்குன்னு கொண்டாந்தாரு, என்னான்னு சொல்லல. நாந்தான் புளி போட்டு வெளக்குனேன். விடியறதுக்குள்ள இப்புடி ஆயிருச்சு. சட்டைப் பையில கெடந்திச்சு, காசுன்னுல்ல நெனச்சேன்."

டீமேக்கர் எழுந்து கையை நீட்டினார். நெற்றியில் வைத்ததை எடுக்கக் கூடாது என்றாள் நல்லம்மா. எரிந்துவிடுமே என்றார் அவர்.

"எரியாது சேர். ஆயிரம் டிகிரி தாங்கும்," என்றார் ஃபாஸில். "பெட்டரியும் இல்ல, வயரும் இல்ல. கூப்பிட்டா உள்ளுக்கு ஈக்கிற பளிங்கு அதிரும். அந்த அதிர்வுதான் சூடு எவ்வளவெண்டு சொல்லும்."

"நெருப்புக்குள்ள இருந்துமா பதில் சொல்லும்?" என்றாள் நல்லம்மா.

"சொல்லும்."

"முப்பது வருசமா கூப்புடுறேன். இந்த மனுசன் ஒருநாளும் சொன்னதில்ல."

ஒப்பாரி வைத்த பெண்கள் நிறுத்திச் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

சுடுகாட்டில் ஃபாஸில் பெட்டியோடு தள்ளி நின்றார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல ஆட்கள் அவரிடம் போய்க் கேட்டார்கள். எழுநூற்றுப் பத்து டிகிரி என்றதும் ஒரு கிழவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

மறுநாள் சாம்பலில் அது முழுசாகக் கிடைத்தது. இருந்தும், வீட்டுக்குக் கொண்டுபோனது கொண்டுபோனதுதானே என்று டீமேக்கர் சொல்லித் திரிவதாகக் கேள்வி. ஃபாஸில் சேருக்கு எழுத நிஷாந்தினி கோடு போட்ட தாள் எடுத்தாள்.

'ஐயா, எனது தகப்பனார் துப்புரவு செய்வதற்காகக் கொண்டுவந்த சென்சர் இத்துடன் அனுப்பப்படுகிறது. பழுதில்லை. களவுமில்லை. பிரதி: டீமேக்கர்.'

உறையை ஒட்டப் போனபோது நல்லம்மா பொறுக்கச் சொன்னாள். உறையின் வாய்க்கு நேரே குனிந்தாள்.

"ஏங்க."

கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தானே தடவி ஒட்டினாள். பேராதனை பஸ் கொண்டக்டர் உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.