வௌவாலைப் பெண் பார்க்க வந்த குண்டுக்கரிச்சான்

ஆவுடைத்தங்கத்தின் ஒரே மகள் பூரணி ஒரு வௌவால். வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்த பிச்சுமணி ஒரு குண்டுக்கரிச்சான் குருவி. இருவருக்கும் தோதான நேரம் அந்திதான். அவருக்குத் தூக்கம் வருமுன், அவளுக்குத் தூக்கம் கலைந்தபின்.

ஆவுடைத்தங்கம் கேசரித் தட்டை நீட்டவே யோசித்தாள். முன்பு வந்த மூன்று வரன்களும் கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்த் தகவல் சொல்லுதோம்" என்று போனவைதான். அப்போதெல்லாம் பூரணி கவலைப்படவில்லை. இந்த முறை, "இவுகளப் பிடிச்சிருக்கும்மா" என்று அவளே சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் சங்கரவடிவு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். இருவருக்கும் பூச்சிதான் சாப்பாடு, அடுப்படியில் சண்டை வராது. அவர் கிளைக்கு மேலே உட்காருவார், இவள் கீழே தொங்குவாள். ஒரே கிளை போதும். அவர் முட்டையில் பிறந்தவர், இவள் தாய்ப்பால் குடித்தவள். அதைப் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

"பொண்ணு பாடுவாளா?"

மூன்று வரன்களும் முறிந்த இடம் இதுதான். பூரணி உத்திரத்தில் தொங்கியபடி ஐந்து நிமிடம் உருகிப் பாடினாள். வாய் அசைந்தது, அவ்வளவுதான்.

"எங்க வீடு பாட்டு வீடு. ஒண்ணுமே கேக்கலையே மதினி" என்றாள் சங்கரவடிவு.

ஆவுடைத்தங்கம் முந்தானையைப் பிசைந்தாள். பூரணிதான் பதில் சொன்னாள்.

"எனக்குக் கேட்டுச்சு அத்தை. அவுக, 'நான் இங்க இருக்கேன்'னு ஊருக்குச் சொல்லப் பாடுதாக. நான், யாரு எப்படி இருக்காகன்னு தெரிஞ்சுக்கிடப் பாடுதேன். பாட்டு போய்த் தொட்டுட்டுத் திரும்பி வரும். உங்க வலது முட்டியில வீக்கம் இருக்கு. அவுகளுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது."

சங்கரவடிவு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்ல ஒம்பது பேரு. விடிஞ்சா அத்தனை பேரும் பாடுதாக. எம் முட்டிய இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தட்டை மாத்திக்கிடுவோமா மதினி?" என்றாள்.

பிச்சுமணி வாலை நிமிர்த்திப் பாட ஆரம்பித்தார். ஆவுடைத்தங்கத்துக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. வெற்றிலை எடுக்க உள்ளே ஓடினாள்.

அவள் திரும்பி வருவதற்குள் வாசலில் ஒரு கல்யாண மண்டபம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. ஐப்பசியில நான் சும்மாதான் இருக்கேன்" என்றது.

ஆவுடைத்தங்கம் அதற்கும் காபி கலந்தாள். சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது மண்டபம்.