படம் வந்தது, சத்தம் வரவில்லை

அறுபத்தெட்டு சதவீதம் என்று காட்டிவிட்டு, அதற்கு மேல் நகருவேனா என்று அடம்பிடித்தது கம்ப்யூட்டர். பென்சன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையில் ஊர்ந்த பச்சைக் கோட்டைக் கண்ணாலேயே தள்ளிக்கொண்டிருந்தான்.

இது இரண்டாம் தடவை. மரியா அக்காவின் கல்யாண வீடியோவை, டெல்லி கரோல் பாக் கடைத்தெருவில் வாங்கிய உள்ளங்கையளவு எம்பி-ஃபோர் பிளேயருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். அப்படியே போட்டால் அந்தச் சனியன் ஏற்காது. காலை எட்டரைக்கே ஒரு தடவை மாற்றி ஏற்றியாயிற்று. படம் பளிச்சென்று வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த அம்மா இருதயம்மாள், பச்சைப் பட்டுச் சேலையில் வீடியோக்காரனை விரட்டிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது. சத்தம்தான் வரவில்லை.

குரல் இல்லாமல் அம்மாவா? "முஜே நஹி பையா, இவங்களை எடோ!" என்று, தன்னை எடுக்க வேண்டாமென்பதை தமிழ் 'எடு'வுக்கு இந்தி வால் ஒட்டி அவள் சொல்வதற்கு அப்பா முப்பது வருஷம் சிரித்திருக்கிறார். ஊமைப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பென்சனுக்கு மனசு வரவில்லை. கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவன் வேறு; அரைகுறை வேலை அவனுக்கு ஆகாது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான்.

அப்பா ஏசுதாஸ் இதயக் கோளாறோடு ஆஸ்பத்திரியில் படுத்து மூன்று நாளாகிறது. "ஏல பென்சா, உங்கம்மையப் பாக்கணும்டே" என்று முந்தின நாள் மாலை கேட்டிருந்தார். "அந்தக் கல்யாண வீடியோ இருக்குல்லா, அதைக் கொண்டா."

போன் அடித்தது. மரியா. வேறொரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள், லீவு போட்டுவிட்டு அப்பாவின் கட்டிலோடு கிடந்தாள்.

"எங்கடா இருக்க? அப்பா வாசலையே பாத்துட்டு இருக்காங்க."

"படம் வந்திடுச்சுக்கா, சத்தம் வரல. இன்னொரு தடவை ஓடுது. முடிஞ்சதும் ஓடி வந்திடுறேன்."

"என்னது? வார்டுல ஒரே இரைச்சல், ஒண்ணும் கேக்கல. ஜல்தி வா."

லைன் போய்விட்டது. பென்சன் திரையைப் பார்த்தான். எழுபது. இவ்வளவு நேரம் பொறுத்தாயிற்று, இன்னும் முக்கால் மணி நேரம்தானே என்று உட்கார்ந்துவிட்டான்.

பதினொன்றே காலுக்கு நூறானது. அம்மாவின் குரல் கணீரென்று வந்தது. அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆட்டோவில் வழியெல்லாம் பிளேயரைச் சட்டைப்பையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு போனான்.

வார்டில் அப்பாவின் முகத்தை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"இருபது நிமிஷம் ஆச்சு," என்றாள் மரியா. "ஏண்டா இவ்வளவு நேரம்?"

"டிராஃபிக்குக்கா."

ஞாயிற்றுக்கிழமை காலை. மரியா அவனை ஒரு கணம் பார்த்தாள்.

மறுநாள் வீட்டில், சவப்பெட்டியைச் சுற்றிக் கோயில் ஜனங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மரியா பென்சனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அப்பாவோட காது மெஷின் எங்கடா? அது இல்லாம அவங்க பூசைக்குப் போனதே இல்ல. போட்டுத்தான் அனுப்பணும்."

"எங்கிட்ட ஏது?"

"அட்மிட் பண்ண அன்னைக்கே சிஸ்டர் கழட்டி உன் கையிலதான குடுத்தாங்க? காணாமப் போயிடும், வீட்டுல வைங்கன்னு. வாட்சு, பல்செட்டு எல்லாம் கைக்குட்டையில முடிஞ்சு."

கம்ப்யூட்டர் மேஜையில், மவுசுக்குப் பக்கத்திலேயே இருந்தது அந்த முடிச்சு. நேற்றுக் காலை முழுக்க அவன் முழங்கை அதில்தான் இடித்துக்கொண்டிருந்தது. பென்சன் முடிச்சை அவிழ்த்தான்.

சர்க்கார் ஆபீசின் டைப்பிங் ஹாலில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்து காதைத் தொலைத்தவர் அப்பா. மெஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் பறை அடித்தாலும் கேட்காது. மூன்று நாளும் அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மரியா காகிதத்தில்தான் எழுதிக் காட்டினாள். 'நாளைக்குக் கொண்டுவரேன்ப்பா' என்று பென்சனே எழுதிக் காட்டியிருந்தான். பாக்கணும் என்றுதான் கேட்டார் மனுஷன். கேக்கணும் என்று சொல்லவே இல்லையே! அவருக்கு வேண்டியது எட்டரைக்கே தயாராகிவிட்டது. அட பாவி, அட மடப் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மரியா கைக்குட்டையோடு மெஷினை வாங்கி அப்பாவின் வலது காதில் பொருத்தினாள். பழக்க தோஷம், ஸ்விட்சையும் போட்டுவிட்டாள். சரியாகப் பொருந்தாத மெஷின் கீச்சென்று விசிலடித்தது. ஜெபம் நின்றது.

"அணைச்சிடுடா," என்றாள்.

பென்சன் பெட்டிமேல் குனிந்தான். விரலை ஸ்விட்சில் வைத்தவன், அந்தக் காதுக்குள் மெதுவாகச் சொன்னான்.

"சத்தம் வந்திடுச்சுப்பா."

மரியா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கைக்குட்டையை நாலாக மடிக்கத் தொடங்கினாள். மெஷின் இன்னும் கொஞ்ச நேரம் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அப்புறம்தான் அவன் அதை அணைத்தான்.