அந்தோணிமேரியும் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலும்

அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டுவதற்குள் அந்தோணிமேரி ஸ்கூட்டர் ஓட்டியபடியே நான்கு மெசேஜ் அனுப்பிவிடுவாள். கோயில் பாடல் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஞாயிறு பூசைக்கு எந்தப் பாட்டு என்பதில் ஒன்பது பேருக்கும் ஒன்பது கருத்து. பின்னால் உட்கார்ந்து லாஸ்பேட்டைக்கு வேலைக்குப் போகும் மகள் ஜூலிக்குத்தான் தினமும் உயிர் போய் உயிர் வரும்.

வெள்ளிக்கிழமை ஒரு பஸ் ஸ்கூட்டரின் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. அன்று சாயங்காலமே ஜூலி ஸ்கேலோடு அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

"இத மேல நான் பிடிச்சிக்கிறேன். நான் வுட்டதும் நீ ரெண்டு விரலால பிடிக்கணும். இன்னொரு கையில மெசேஜ் அடிச்சிக்கினே. கீழ வுழுந்தா நாளையிலேர்ந்து போன் டிக்கிக்குள்ள."

"பிடிச்சிட்டா?"

"இனிமே வாயே தெறக்க மாட்டேன்."

"மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அந்தோணிமேரி பதினான்காவது சென்டிமீட்டரில் பிடித்தாள். அடுத்த முறை பதின்மூன்று. மூன்றாவது, போனிலிருந்து தலை தூக்காமலே பன்னிரண்டு. ஜூலியின் பி.எஸ்சி. இயற்பியல் அடுப்படியிலேயே கவிழ்ந்தது.

"எப்படிம்மா?"

"வுடறதுக்கு முன்னாடி உஸ்ஸுனு மூச்சு இழுக்கற. எனக்குக் கேக்காதா?"

ஜூலி யோசித்தாள். கூடத்திலிருந்த அப்பாவைக் கூப்பிட்டாள்.

அருளானந்தம் சந்தோஷமாக இருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று இருபத்தேழு வருஷமாக யாருக்கும் தெரிந்ததில்லை. கல்யாணப் போட்டோவில்கூட பாஸ்போர்ட்டுக்கு நின்ற முகம்தான். அவர் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அந்தோணிமேரி ஒரு மெசேஜ் முடித்து இரண்டாவதில் பாதி வந்தபோது, ஸ்கேல் அவள் விரல்களுக்கு நடுவே நழுவி மீன் குழம்புச் சட்டிக்குள் போய் நின்றது.

"இது செல்லாது! இந்த மனுசன் எப்ப என்னா பண்ணுவாருன்னு யாருக்குத் தெரியும்?"

"பஸ்ஸும் அப்படித்தாம்மா."

அருளானந்தம் ஸ்கேலை எடுத்து நக்கிப் பார்த்தார். "உப்பு கம்மி" என்றார்.

மறுநாள் போன் டிக்கிக்குள் போனது. பாலத்தில் சீட்டுக்கு அடியில் டிங், டிங் என்று அடித்தது. அந்தோணிமேரியின் கண் ரோட்டை விட்டு அகலவில்லை.

"உன்னக் குரூப்ல சேத்துட்டேன்டி. செல்வி என்னா சொல்றான்னு படி. 'அந்தப் பாட்டு வேணாம்'னு அடி."

ஜூலி அடித்தாள். பாலத்தைத் தாண்டுவதற்குள் நான்கு மெசேஜ் போயிருந்தது. ஐந்தாவதில் இருந்தபோது, முன்னால் போன பஸ் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. அந்தோணிமேரி சரியாகப் பிரேக் பிடித்தாள். ஜூலியின் ஹெல்மெட் அம்மாவின் ஹெல்மெட்டில் டொக்கென்று மோதியது.

அந்தோணிமேரி திரும்பாமலே கேட்டாள்.

"எத்தினி சென்டிமீட்டர்?"