மலையின் கிழக்குப் பக்கம்

என் அண்ணன் மிதுனனின் கலியாணம் 1996இல், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. வீடியோ எடுத்தவர் அன்புராசா அண்ணை. மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையாவது ஒட்டாமல் கலியாணக் கசெற் வெளியே போகாத காலம் அது. எல்லோரும் ஒட்டுவது நமக்கெதற்கு என்று அந்த மனிசன் எங்கிருந்தோ புகை விடும் ஓர் எரிமலையைப் பிடித்து ஒட்டிவிட்டார்.

கசெற் கொழும்புக்குப் போனது. அங்கே ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்துக்கொண்டு அண்ணியின் தகப்பன் தில்லையம்பலம் மாஸ்ரரும், எனக்குப் பேசி முடித்திருந்த இளைய மகள் கஜனியும் இருந்தார்கள். மாஸ்ரர் புவியியல் படிப்பித்தவர். கசெற்றைப் பார்த்தார், போன் எடுத்து என் கலியாணத்தை நிறுத்தினார்.

"தம்பி, உச்சியெல்லாம் பனி, வாயைச் சுத்தி மட்டும் கறுப்பு. அப்ப உள்ளுக்கை சூடு இருக்கு. மேற்குப் பக்கம் வாய் உடைஞ்சு கிடக்கு. குழம்பு அதாலைதான் இறங்கும். உங்கடை மண்டபம் நேர் கீழை."

"மாமா, இஞ்சை மலையே இல்லை. அது வீடியோக்காரன்ரை வேலை."

நம்பவில்லை. அண்ணி அழுது சொன்னதற்கும், புருசன் வீட்டுக்காக மறைக்கிறாள் என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"கொழும்பிலை மட்டும் பயமில்லையோ? பொலிஸ் சும்மா சும்மா பிடிக்குதாம்."

"பொலிஸ் பிடிச்சால் அடுத்த நாள் விடுவான். மலை விடுமோ?"

மாசிக் குளிரில் கமராவுடன் இறங்கி, தட்டையாய்க் கிடக்கும் ஸ்காபரோவை வீதி வீதியாகப் படம்பிடித்து அனுப்பினேன். மாஸ்ரர் போன் எடுத்தார். பாதாளச் சாக்கடை மூடிகளிலிருந்து எழும்பும் ஆவியைக் கண்டிருக்கிறார்.

"றோட்டுக்குள்ளாலையே புகை வருது, தம்பி. அடிவாரம் வரைக்கும் வந்திட்டுது."

அத்தோடு உண்மையைக் கைவிட்டேன்.

"ஓம் மாமா, மலை இருக்கு. ஆனால் நான் வீடு எடுத்திருக்கிறது கிழக்குப் பக்கம். உடையாத பக்கம்."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே! நான் உம்மைப் பொய்க்காறன் எண்டெல்லோ நினைச்சனான்."

ஆனியில் கஜனி வந்து இறங்கினாள். எயர்போர்ட்டிலிருந்து வரும் வழியெல்லாம் என்னைப் பார்க்காமல் கார் கண்ணாடியால் வெளியே எட்டி எட்டிப் பார்த்தாள். என்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

"மலை எங்கை?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

"லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து எங்களை வரிசையிலை நிப்பாட்டேக்கை அந்த மலையைத்தான் நினைச்சுக்கொண்டு நிண்டனான். அது வெடிச்சாலும் ஐடென்ரிற்றிக் காட் கேக்காது எண்டு."

காரை நேரே அன்புராசா அண்ணை வீட்டுக்குத் திருப்பினேன்.

"அண்ணை, எங்கடை கலியாணத்துக்கும் அந்த மலையைப் போடுங்கோ."

"ஐயோ, அதாலை வந்த கரைச்சல் காணாதே? போட்டாலும் புகையை வெட்டிப்போட்டுத்தான் போடுவன்."

"வெட்டாதேங்கோ, அண்ணை," என்றாள் கஜனி. "புகையும் வேணும்."