என் செவ்வாய்க்கிழமை மீதான விசாரணை

எங்கள் மாவட்ட அரசான டன்வெல் கவுண்டி என் செவ்வாய்க்கிழமையைப் பறிமுதல் செய்தது அக்டோபர் முதல் வாரத்தில். திங்கட்கிழமை படுத்தேன், எழுந்தபோது புதன்கிழமை. முகத்தில் ஒரு நாள் தாடிதான் வளர்ந்திருந்தது. ஃபிரிட்ஜில் இருந்த பாலுக்கு மட்டும் இரண்டு நாள் வயது கூடியிருந்தது.

நான் வேலை பார்க்கும் குடிநீர் ஆய்வகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. "நேற்று உனக்குக் கிடையாது என்று கவுண்டியிலிருந்து சொல்லியிருந்தார்கள்" என்றார் மேலாளர். உன் பங்கு மாதிரிகளை வேறு ஆளை வைத்துச் சோதித்துவிட்டோம் என்றும் சொன்னார்.

வேறு கிழமையாக இருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். விவாகரத்து ஆணையின்படி என் மகள் நறுமுகை என்னுடன் இருப்பது செவ்வாய்க்கிழமைகளில், மூன்று மணியிலிருந்து எட்டு மணி வரை. மற்ற நாளெல்லாம் அவள் தன் அம்மா பாமினியிடம்.

அன்று மாலை நறுமுகை போன் செய்தாள்.

"நேத்து மூணு தடவை பெல் அடிச்சேன்பா. ஜன்னல் வழியா பார்த்தேன். உங்க செருப்பு இருந்துச்சு, நீங்க இல்ல."

"எனக்கு நேத்து இல்லம்மா."

"அம்மாவும் அதான் சொன்னாங்க. எதிர்வீட்டுத் தாத்தா வந்து உக்கார வெச்சுக்கிட்டார். அம்மா வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் சீட்டு விளையாடினோம்." பிறகு கேட்டாள்: "அடுத்த வாரமும் இருக்காதா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் கவுண்டி அலுவலகத்துக்குப் போனேன். கிழமைகள் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கிருந்த எழுத்தர் என் முகவரியைக் கேட்டு ஒரு தடித்த கோப்பைப் புரட்டினார்.

"எல்ம் தெரு, நாற்பத்தேழு. ஒற்றைப்படை எண். ஒற்றைப்படை வீடுகளின் செவ்வாய்க்கிழமைகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. இனி எல்லா வாரமும்."

"இரட்டைப்படை வீடுகள்?"

"அவை இரட்டைப்படை ஆயிற்றே."

"எனக்கு நோட்டீஸ் வரவில்லை."

"வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமைத் தபாலில் அனுப்பினோம்."

ஆட்சேபம் இருந்தால் விசாரணை கேட்கலாம் என்று ஒரு படிவம் கொடுத்தார். நிரப்பிக் கொடுத்தேன். முத்திரை குத்தி, விசாரணைத் தேதியை எழுதித் தந்தார். அது ஒரு செவ்வாய்க்கிழமை.

"விசாரணைகள் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான்" என்றார்.

அங்கிருந்து நேராக ரொவீனா கிளார்க்கைப் பார்க்கப் போனேன். வசதியில்லாதவர்களுக்கு வழக்காடும் வக்கீல். அறுபது வயதிருக்கும். துணி வெளுக்கும் கடைக்கு மேலே அவருடைய அலுவலகம்; கீழே இயந்திரங்கள் ஓடுவதால் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். நான் சொல்லி முடிக்கும்வரை குறிப்பெடுத்தார்.

"அமெரிக்க அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தம்" என்றார். "உரிய முறைப்படி அல்லாமல் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ உடைமையையோ அரசு பறிக்கக் கூடாது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை யாருக்கும் மறுக்கவும் கூடாது. செவ்வாய்க்கிழமை இந்த மூன்றில் எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால், நீங்கள் விசாரணைக்கு வர ஒரு செவ்வாய்க்கிழமை வேண்டும். யாராவது கடன் கொடுப்பார்களா?"

எதிர்வீட்டு லிண்ட்ஸ்ட்ராமிடம் கேட்டேன். அவர் வீட்டு எண் நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். வாசலில் நின்று இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள்தானே, எடுத்துக்கொள்" என்றார். "ஆனால் என் செவ்வாய்க்கிழமையில் முழங்கால் வலிக்கும். அதைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியாது."

"பரவாயில்லை."

"எஸ்தரும் இருப்பாள்" என்றார். எஸ்தர் அவருடைய மனைவி. இறந்து நான்கு வருடம் ஆகிறது. "அதையும் பிரிக்க முடியாது."

ரொவீனா எழுதிக் கொடுத்த தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வலது முழங்காலில் வலியோடு எழுந்தேன். காபியில் பால் விட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. நீதிமன்றப் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். நெஞ்சுக்குள் ஒரு பாரம் இருந்தது. நான் இரண்டு முறை மட்டுமே பார்த்திருந்த, நீல ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்மணிக்கான பாரம் அது.

நீதிபதி ஓர்ட்டேகா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொடங்கலாம் என்றார்.

கவுண்டியின் வக்கீல் ஹேல் ஒல்லியான மனிதர். எழுந்து சொன்னார்: "செவ்வாய்க்கிழமை மிஸ்டர் ஞானதுரையின் உடைமை அல்ல. வாங்கியதற்கு ரசீது இல்லை. சுதந்திரமும் அல்ல, மற்ற ஆறு நாட்கள் அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். உயிர் அல்ல என்பது கண்கூடு. அவர் இதோ உட்கார்ந்திருக்கிறார்."

ரொவீனா விவாகரத்து ஆணையை நீட்டினார். "இதே நீதிமன்றம் கொடுத்தது. செவ்வாய்க்கிழமைகளில் மூன்று முதல் எட்டு வரை மகள் இவரிடம். அரசு எழுதிக் கொடுத்ததை அரசே திரும்ப எடுப்பதானால், முன்கூட்டியே சொல்லி, இவர் தரப்பைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்."

"சொன்னோம்" என்றார் ஹேல். "செவ்வாய்க்கிழமைத் தபாலில்."

"இல்லாத நாளில் வந்த கடிதத்தை எப்படிப் படிப்பது?" என்று நீதிபதி கேட்டார். ஹேல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது சமத்துவம். ஒற்றைப்படை வீடுகளிலிருந்து மட்டும் எடுத்தது ஏன் என்று நீதிபதி கேட்டார்.

"கிழமைகளை எடுத்துப் போகும் வண்டி அந்தப் பக்கமாக வருகிறது" என்றார் ஹேல்.

"அது ஒரு காரணம்தான்" என்றார் நீதிபதி. "சாதாரண விஷயத்துக்கு ஏதோ ஒரு காரணம் இருந்தால் போதும். நல்ல காரணமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. இவருடைய செவ்வாய்க்கிழமையில் ஒரு குழந்தை இருக்கிறது. பெற்ற பிள்ளையோடு இருப்பது அடிப்படை உரிமை. அதை எடுக்க வண்டி போகும் பக்கம் போதாது."

ரொவீனா என் கையை மெல்லத் தட்டினார். அப்போது ஹேல் மறுபடி எழுந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது.

"சமமாக நடத்தத்தான் வேண்டுமென்றால் கவுண்டிக்கு ஆட்சேபம் இல்லை. இரட்டைப்படை வீடுகளின் செவ்வாய்க்கிழமைகளையும் எடுத்துக்கொள்கிறோம். எதிரே இருக்கும் நாற்பத்தெட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்."

நீதிபதி யோசித்தார். "அதுவும் சமத்துவம்தான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "மிஸ்டர் ஞானதுரை, நீங்கள் கேட்கும் நிவாரணம் என்ன?"

நான் எழுந்தேன். முழங்கால் வலித்தது. லிண்ட்ஸ்ட்ராம் செவ்வாய்க்கிழமைதோறும் மூன்று மணிக்கு சாமந்திப் பூ வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போகிறார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை. அந்த நாளுக்குள்ளேயே இருந்தது. நாற்பது நிமிடம் அங்கே நிற்பார். குழாய் ஒழுகுகிறது, பக்கத்து வீட்டில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று எஸ்தரிடம் சொல்வார். அந்த வாரத்துக்கென்று அவர் எடுத்து வைத்திருந்த செய்தியும் எனக்குள் இருந்தது: எதிர்வீட்டுச் சிறுமிக்குச் சீட்டு கலைக்கக் கற்றுக் கொடுத்தேன்.

"எதிர்வீட்டுக்காரருடையதை எடுக்க வேண்டாம்" என்றேன். "அப்படித்தான் ஆகும் என்றால் என்னுடையதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

ரொவீனா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். ஜன்னல் கண்ணாடியில் முகம் வைத்து நறுமுகை என் செருப்பைப் பார்ப்பதை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"அந்த எதிர்வீட்டுக்காரர் வந்திருக்கிறாரா?" என்று நீதிபதி கேட்டார்.

"வர முடியாது" என்றார் ரொவீனா. "இன்றைய நாளை இவருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்."

நீதிபதி வெகுநேரம் எழுதினார். பிறகு வாசித்தார். நாற்பத்தெட்டாம் எண் வீட்டாரைக் கேட்காமல் அவர் நாளை எடுப்பது, முதலில் செய்த தவறையே இன்னொரு முறை செய்வதாகும். அவரைக் கேட்க வேண்டுமானால் விசாரணை வேண்டும். விசாரணை செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். அதற்கு அவரிடம் செவ்வாய்க்கிழமை இருந்தாக வேண்டும். ஆகவே அதை எடுக்க இயலாது. அதை எடுக்க இயலாதபோது ஒற்றைப்படை வீடுகளுடையதை வைத்திருப்பதும் இயலாது. எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

ஹேல் குறித்துக்கொண்டார். வெளியே வந்தபோது ரொவீனா என்னைக் கட்டிக்கொண்டார். இனி இப்படி எழுந்து நின்று உங்கள் வழக்கை நீங்களே தோற்கப் பார்த்தால் நான் வரமாட்டேன் என்றும் சொன்னார்.

மணி மூன்றானபோது என் கால்கள் கல்லறைப் பக்கம் திரும்பின. அது லிண்ட்ஸ்ட்ராமின் நாள்; நறுமுகை அதில் வரமாட்டாள். வழியில் பூ வாங்கினேன். எஸ்தரிடம் குழாயைப் பற்றியும் சீட்டைப் பற்றியும் சொன்னேன். நாற்பது நிமிடம் ஆனதும் வீட்டுக்கு வந்தேன்.

புதன்கிழமை லிண்ட்ஸ்ட்ராம் வேலிப் பக்கம் வந்து, "போனாயா?" என்று கேட்டார்.

"போனேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையிலேயே கவுண்டி ஊழியர் ஒருவர் வந்து என் செவ்வாய்க்கிழமையைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். முழங்கால் வலிக்கவில்லை. காபியில் பால் விட்டுக்கொண்டேன். சரியாக மூன்று மணிக்கு மணி அடித்தது. இரண்டாவது முறை அடிப்பதற்குள் கதவைத் திறந்தேன். நறுமுகை ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அப்படியே நின்றோம்.

பிறகு பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். "அப்பா, இது எனக்கு வந்துச்சு. அம்மா உங்ககிட்ட காட்டச் சொன்னாங்க."

மறுநாள் அவளுடைய பிறந்தநாள். அவளுடைய ஒன்பது வயது நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தது. முன்னறிவிப்பு தராமலும் தன் தரப்பைக் கேட்காமலும் தன்னை நீக்கிவிட்டுப் பத்தை அமர்த்தக் கூடாது என்பது கோரிக்கை. இடைக்காலத் தடை வழங்கப்பட்டிருந்தது. விசாரணை மார்ச் மாதம்.

"அப்ப நாளைக்கு நான் எத்தனை?"

"ஒம்பதும்மா."

அவள் தலையாட்டிவிட்டுச் சீட்டுக்கட்டை எடுத்துக் கலைக்க ஆரம்பித்தாள். நான் கேக் கடைக்குப் போன் செய்து, பத்து என்று எழுத வேண்டாம், ஒன்பதே இருக்கட்டும் என்றேன். கடைக்காரப் பெண் நீதிமன்ற உத்தரவின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.